கரண்ட் போனபோது திறந்த கார்

எனக்கு ஓய்வு பெறும் வயது ஆகவில்லை. தக்கலையில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, முப்பத்திரண்டு வயதில் நானாகவே விலகி வந்தவன். இப்போது ரப்பர் நாற்றுப் பண்ணை ஒன்றில் இருக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் இன்னும் வேலை பார்க்கும் பழைய நண்பர் ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். புதிதாகப் பதினாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு உன் அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் கொடு என்றார். "கொஞ்சம் உற்சாகமா எழுது மக்கா" என்றும் சொன்னார். அது எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன். வேலைக்கு ஆகுமா ஆகாதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவியைக் கார் கண்டுகொள்ளவில்லை என்று வண்டி வந்தால் எதை முதலில் கழற்ற வேண்டும், எந்தக் கருவியை எங்கே பொருத்த வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. பயிற்சியில் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. ஜாப் கார்டில் நீங்கள் எழுதும் ஒரு வரி ஒர்க்‌ஷாப் வாசலைத் தாண்டி எங்கெங்கோ போகும். அது எங்கே போகிறது என்று பார்க்க நீங்கள் கூடவே போக முடியாது.

என் வேலை சர்வீஸ் அட்வைசர். வண்டிக்காரர் சொல்லும் குறையைக் கேட்டு, கார்டில் எழுதி, உள்ளே அனுப்பி, வேலை முடிந்ததும் காரணத்தையும் எழுதி மூட வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் எழுதுகிற வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், கைநாட்டு. நான் வேலைக்குச் சேர்ந்த மாதத்தில் ஒருநாள் ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு வெளியே நின்று, கண்ணாடி அறைக்குள் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமலே பஸ் ஏறிப் போனார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "நிக்க நேரமில்லாம எழுதுதான்" என்றாராம். அந்தச் சொல்லை நான் ரொம்ப நாள் ஒரு மெடல் மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

முதலில் என் தலைக்கனத்துக்குக் காரணமான சம்பவம். வளைகுடாவில் வேலை பார்க்கும் கொட்டாரத்துக்காரர் ஒருவர், லீவில் ஊருக்கு வந்த இடத்தில் தன் புதுக் காரைக் கொண்டுவந்தார். கதவைப் பூட்டினால் பூட்ட மாட்டேன் என்கிறது, கீ கீ என்று கத்துகிறது. இரண்டு இடத்தில் காட்டிவிட்டார். ஒரு இடத்தில் கதவுப் பூட்டையே மாற்றியிருந்தார்கள். நான் டிக்கியைத் திறந்து, முதலுதவிப் பெட்டியைத் திறந்தேன். பஞ்சுக்கும் பிளாஸ்டருக்கும் நடுவில் இரண்டாவது சாவி இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அவருடைய மனைவி அங்கே வைத்திருக்கிறார். சாவி எங்கே இருக்கிறது என்று தானே உணரும் வண்டி அது, சாவி உள்ளே இருக்கும்வரை பூட்டாது. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

எங்கள் ஃபோர்மேன் முப்பது வருட அனுபவக்காரர், வாய் நீளம். அன்று எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டி, "படிச்சவன் படிச்சவன்தாம்லே" என்றார்.

அதிலிருந்து சாவிப் புகார் என்று யார் வந்தாலும், குறை சாவியில் இல்லை, ஆளிடம்தான் என்று முடிவு செய்துவிட்டுத்தான் காது கொடுக்கவே தொடங்கினேன்.

இனி தாசையன் அண்ணாச்சியின் கதை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு டிசம்பர் முதல் வாரம். தக்கலையில் சின்ன ஆஸ்பத்திரி நடத்தும் பிரசவ டாக்டரம்மா ஒருவரின் கார் வந்தது. ஓணத்தை ஒட்டி வாங்கிய வண்டி. சாவியைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போனால் போதும். கைப்பிடியைத் தொட்டால் திறக்கும், பட்டனை அமுக்கினால் ஓடும். கொண்டுவந்தவர் டிரைவர் தாசையன். ஐம்பது தாண்டியவர். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை.

"மக்கா, இந்த வண்டி என்னைய கண்டுக்க மாட்டேங்குது" என்றார்.

"எப்பம் அண்ணாச்சி?"

"சாயங்காலம். டாக்டரம்மா ரவுண்ட்ஸுக்கு இறங்கும்ப. வீட்டு போர்ட்டிகோவுல வச்சுத்தான். ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு கொழப்பமும் இல்ல. ஞாயிறு காலத்த சர்ச்சுக்குப் போவும்பளும் இல்ல."

"தினமுமா?"

"தினமும்னு சொல்லப்பிடாது. சில நாளு திறக்கும். நேத்தைக்கு கரண்டு போச்சு பாத்தியா, அப்பம் தொட்ட ஒடனே திறந்துது."

பக்கத்தில் ஒரு வண்டிக்கு அடியில் குனிந்திருந்த ஃபோர்மேன் நிமிர்ந்தார். "கரண்டு போனா திறக்குமா? ஓய், நீரு கொண்டுவந்தது காரா, ஃபிரிட்ஜா?"

பையன்மார் சிரித்தார்கள். ஃபோர்மேனுக்கு அது போதவில்லை. "சாயங்காலம் ஆனா கண்ணு தெரியாமப் போறது சாவிக்கா, உமக்கா? அத முதல்ல சொல்லும்."

அந்தக் கேள்விக்கு ஒரு பின்னணி உண்டு. அது ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். தாசையன் முன்பு தக்கலை ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டியவர், நன்றாகக் குடித்தவர். குடியால் டாக்ஸி போயிற்று, மனைவியும் பிறந்த வீட்டுக்குப் போனார். பிறகு சர்ச்சில் எழுந்து நின்று இனித் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்து, மூன்றரை வருடமாகக் காப்பாற்றி வந்தார். அந்த வாக்கை நம்பித்தான் டாக்டரம்மா வேலை கொடுத்தார், மனைவியும் திரும்பி வந்தார். வேலைக்கும் வீட்டுக்கும் நிபந்தனை அந்த ஒன்றுதான்.

ஃபோர்மேன் கேட்டதற்கு தாசையனும் சிரித்தார். பாதி உதட்டில் சிரித்துவிட்டு, தரையைப் பார்த்தார். நானும் சிரித்தேன் என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

சாவியின் பேட்டரியை மாற்றினேன். காரைச் சுற்றிச் சுற்றி வந்து முப்பது தடவை திறந்து பார்த்தேன். முப்பது தடவையும் திறந்தது. இரண்டாவது சாவியையும் பார்த்தேன், குறையில்லை. இனி இப்படி ஆனால் சாவிக்குள்ளே ஒரு இரும்புச் சாவி மறைந்திருக்கிறது, அதை உருவிக் கதவைத் திறங்கள், பிறகு சாவியைப் பட்டனோடு ஒட்டிவைத்து அமுக்கினால் வண்டி ஓடும் என்று சொல்லிக்கொடுத்தேன். "கதவத் திறக்கும்ப அலாரம் கூவும். பயப்படாதீங்க" என்றேன். கவனித்தீர்களா? பகல் பதினோரு மணிக்கு, எங்கள் தகரக் கூரைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சாயங்காலம், வீட்டு போர்ட்டிகோ.

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார். மூன்று நாள் அலாரம் கூவியதாம். "அக்கம்பக்கம் எல்லாம் வாசலுக்கு வந்து பாக்குதாவ மக்கா. கள்ளன வேடிக்க பாத்த மாதிரி." மங்கிய வெளிச்சத்தில் ஒரு ஆள் கதவுப் பக்கம் குனிந்து, துளையைத் தேடித் தடவிக்கொண்டிருக்கிறார், வண்டி கூவுகிறது, கை நடுங்குகிறது. மாடி ஜன்னலிலிருந்து பார்க்கிறவருக்கு அது என்னவாகத் தெரியும்? அந்த வீட்டிலும் அப்படித்தான் தெரிந்தது. அன்று மதியம் டாக்டரம்மா எனக்கே ஃபோன் செய்தார்.

"அவன் மறுபடி ஆரம்பிச்சிட்டானோன்னு எனக்கு ஒரு சந்தேகம். வாசனை ஒண்ணும் வரலை. ஆனா வாசனை வராம குடிக்கறதுக்கும் இவங்களுக்குத் தெரியும். சாவில எதாவது இருக்கான்னு நல்லா பாத்து சொல்லுங்க."

மறுபடியும் பார்த்தேன். மறுபடியும் பகலில்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால் அது முற்றியது. மாலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. பிரசவத்தில் சிக்கல், உடனே வர வேண்டும். டாக்டரம்மா ஓடிவந்து நிற்கிறார், கார் திறக்கவில்லை. தாசையன் இரும்புச் சாவியை உருவும் அவசரத்தில் கீழே போட்டுவிட்டார். பூந்தொட்டிக்கு அடியில் தேடுகிறார். எடுத்துத் திறந்தால் அலாரம். டாக்டரம்மா அதற்குள் ரோட்டுக்குப் போய் ஆட்டோவை நிறுத்தி ஏறிவிட்டார். தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். ஆனால் ஒரு பத்து நிமிடம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நினைத்து அவருக்குக் கோபம் ஆறவில்லை. அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலையில் அவரே காரோடு வந்துவிட்டார். என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். தாசையன் வெளியே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றார்.

"எனக்கு ஒரு வரி வேணும். குறை வண்டிலயா, இல்லையா. தமிழ்லயே எழுதுங்க, அவனும் வாசிக்கட்டும். அவன் வீட்டுக்காரியும் வாசிக்கட்டும். சாயங்காலம் ஆள் அனுப்பி வாங்கிக்கறேன்."

அவர் போனபிறகு வண்டியை மூன்றாவது தடவையும் பார்த்தேன், குறையில்லை. தாசையன் என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மக்கா, குறை உண்டும்னு நீ எழுதாண்டாம். உனக்குப் பிடிபடாதத எப்பிடி எழுதுவ? தெரியலன்னு எழுது. அது போதும் எனக்கு."

"அண்ணாச்சி, அப்பிடி எழுத முடியாது."

"அப்பம் ஒரு சாயங்காலம் வந்து பாரு. ஒரே ஒரு சாயங்காலம். இன்னைக்கே வா. இங்கேருந்து பைக்குல அஞ்சு நிமிசம்."

அவர் கேட்டது அவ்வளவுதான். நான் மேனேஜரிடம் போனேன். டிசம்பர் மாதம், திறந்து கிடக்கும் கார்டையெல்லாம் மூடச் சொல்லி மேலிடத்திலிருந்து தினமும் மெயில். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணெடுக்காமல், "மூணு தடவ வந்த வண்டி. மூணு தடவையும் குறை இல்ல. இன்னும் என்ன யோசன? மூடு" என்றார்.

கார்டை மூட வேண்டுமானால் காரணம் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது. அதில் நாலே நாலு வரி இருந்தது: பாகத்தில் பழுது, தேய்மானம், முந்தைய வேலையில் தவறு, பயன்படுத்துபவரின் கையாளும் பிழை. தெரியவில்லை என்று ஒரு வரி கிடையாது. பழுதைக் காட்ட முடியாது, நாலு மாத வண்டியில் தேய்மானம் இல்லை, எங்கள் வேலையில் தவறு என்று எவனும் தேர்ந்தெடுக்க மாட்டான். மிஞ்சியது நாலாவது.

பிறகு லெட்டர் பேடை எடுத்துத் தமிழில் எழுதினேன். அந்தத் தாளில் என்னைத் தடுக்கக் கம்ப்யூட்டர் இல்லை. எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். 'சாவி நல்ல நிலையில் உள்ளது. வண்டியில் எந்தக் குறையும் இல்லை. பயன்படுத்துபவரின் கையாளும் பிழையே காரணம்.' என் கையெழுத்து அழகாக இருக்கும், வாத்தியார்மார் எடுத்துக் காட்டுவார்கள். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்தேன். தெரியவில்லை என்று எழுதினால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற பயம் அந்தத் தாளில் இருந்தது. இத்தனை படித்து, அப்பாவைக் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்து, கடைசியில் தெரியவில்லை என்று எழுதவா என்ற எண்ணம். வேறு எதன்மீதும் பழி போட எனக்கு உரிமையில்லை. நாலு வரிதான் இருந்தது என்பது சாக்கு.

அன்று சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பில் கிறிஸ்துமஸ் கேக் வெட்டினார்கள். ஆறரை மணிக்கு நான் கேக் தின்றுகொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது தாசையனை நிறுத்திவிட்டார்கள். சர்ச்சில் கேரல் பாட்டுக்கு டிரம் அடிப்பவர் அவர். அந்த வருடம் வேறு யாரோ அடித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஜனவரி நடுவில் கார் வழக்கமான சர்வீஸுக்கு வந்தது. புது டிரைவர். இருபத்தாறு வயதுப் பையன், ஜெபக் கூட்டத்துக்குப் போகிறவன், சாயாகூடக் குடிக்க மாட்டான். டாக்டரம்மா ஃபோனில் சொன்னார்: "நியூ இயர் வரைக்கும் ஆட்டோலதான் போனேன். ஆள் மாறின பிறகு, நியூ இயர் கழிஞ்சதிலேருந்து ஒரு நாள்கூட பிரச்சினை இல்லை. நீங்க எழுதினது கரெக்ட்."

நான் அதை ஃபோர்மேனிடம் சொன்னேன். "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லியா?" என்றார் அவர். கார்டுகளை ஒழுங்காக மூடுவதற்கு மாதாமாதம் எங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள், எனக்கு அந்த மாதம் அது முழுதாக வந்தது. நான் சொன்னதே சரி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆளை எடுத்தார்கள், குறை போயிற்று. ஒரு வருடம் அந்தச் சாட்சியை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். தப்பான முடிவுக்கும் சில சமயம் இப்படிச் சாட்சி வந்து சேரும். நியூ இயர் கழிந்ததிலிருந்து என்று அவர் சொன்னாரே, அந்த நாள் கணக்கில் விஷயம் இருந்தது. நான் அதைக் கேட்கவில்லை.

அடுத்த டிசம்பர். அதே கார், அதே முதல் வாரம். ஜெபக்காரப் பையன் வந்து நிற்கிறான். "அண்ணா, சாயங்காலமானா வீட்டு போர்ட்டிகோவுல வண்டி சாவியக் கண்டுபிடிக்க மாட்டேங்குது."

அவன் பேசிக்கொண்டே போனான், எனக்கு வேறு குரல் கேட்டது.

டாக்டரம்மா ஃபோனில் வந்தார். "சாவியை மாத்திக் குடுங்க. வாரண்டி இருக்கில்ல?" இந்த முறை சந்தேகம் நேராகச் சாவிமேல் போயிற்று. பையனின் மூச்சை யாரும் மோந்து பார்க்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் அன்று மாலை பைக்கை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். ஐந்து நிமிடம்தான். ஆறு மணிக்குக் கார் தொட்டதும் திறந்தது. பூட்டினேன், திறந்தேன், பூட்டினேன். ஆறேகாலுக்கு வீட்டு வேலை பார்க்கும் அம்மா உள்ளேயிருந்து வந்து சுவரில் ஒரு சுவிட்சைப் போட்டார். தலைக்கு மேலே ஸ்டார் எரிந்தது.

கிறிஸ்துமஸ் ஸ்டார். நம் ஊரில் டிசம்பர் பிறந்தால் வீடு தவறாமல் கட்டுவதுதான். இது புது மாதிரி. பிளாஸ்டிக்கில் பொடிப் பொடி விளக்குகள், நிறம் மாறி மாறி ஓடும். காரின் கூரைக்கு நேர் மேலே, கையெட்டும் உயரத்தில் தொங்கியது.

கைப்பிடியைத் தொட்டேன். திறக்கவில்லை.

"அம்மா, அந்த ஸ்டார ஒரு நிமிசம் அணைங்க."

அணைத்தார். தொட்டேன். திறந்தது.

ஏழு தடவை அப்படிச் செய்தேன். ஒரு தடவை போதும். எனக்கு நம்பப் பிடிக்கவில்லை.

விஷயம் சின்னது. கரண்டைக் குறைத்து அந்த விளக்குகளுக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி மட்ட ரகம். எரியும்போது காதுக்குக் கேட்காத ஒரு இரைச்சலைக் கிளப்பும். சாவி காரோடு பேசுவது மெல்லிய குரலில். இரைச்சலுக்கு அடியில் அது அமுங்கிவிடும். சந்தைக்குள் நின்று ஒருவர் ரகசியம் சொன்னால் கேட்குமா, அதுபோல. கரண்ட் போனால் வீட்டு விளக்கு இன்வெர்ட்டரில் எரியும். ஸ்டாரை மாட்டியிருந்த பிளக்குக்கு இன்வெர்ட்டர் இல்லை. அது அணைந்துவிடும், கார் திறந்துவிடும். அந்த நாட்களில் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? நியூ இயர் கழிந்ததும் ஸ்டாரை அவிழ்த்து அட்டைப் பெட்டியில் போட்டு விடுவார்கள். ஆள் மாறியதால் போன குறை இல்லை அது.

"இந்த ஸ்டார் எப்பம் வாங்கினது?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"போன வருசம். அதுக்கு முந்தி கடலாசுப் பேப்பர் ஸ்டாருல்லா. இது டாக்டருக்க மகன் மெட்ராஸ்ல இருந்து அனுப்பினது."

டாக்டரம்மா வெளியே வந்தார். காட்டினேன். அணைத்தும் போட்டும் அவரே கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இதைப் போன வருஷம் ஏன் பாக்கலை?" என்றார்.

நான் சாவியை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க" என்றார். திட்டவில்லை. உண்மையைச் சொன்னார்.

"தாசையன் அண்ணாச்சிய…" என்று ஆரம்பித்தேன்.

"இப்ப போய்க் கூப்பிட்டா நல்லா இருக்காது. இந்தப் பையன் இருக்கான், பாவம்." வேலைக்கார அம்மாவிடம் திரும்பி, "அதை அவுத்து மாமரத்துல கட்டச் சொல்லு" என்றார்.

தீர்ப்பு அவ்வளவுதான். ஸ்டார் இருபது அடி தள்ளிப் போயிற்று.

அடுத்த நாள் மேனேஜரிடம் போய், போன வருடத்துக் கார்டு தவறு என்று ஒரு கடிதம் தரலாமா என்று கேட்டேன். "மூடின கார்டத் திறந்தா மேலேருந்து கேள்வி வரும். பதில் நீ சொல்லுவியா?" என்றார். ஃபோர்மேனிடம் ஸ்டார் விஷயத்தைச் சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் தமாசுக்குல்லாலே சொன்னேன்" என்று விட்டு யார்டுக்குப் போனார்.

தம்பிமாரே, இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தில் ஐந்தாவதாக ஒரு வரி உண்டாம். 'காரணம் கண்டறியப்படவில்லை.' அதற்காக நான் ஆறு வருடம் வாய் வலிக்கக் கேட்டேன். நான் விலகிய பிறகு சேர்த்திருக்கிறார்கள். ஆனால் யாரும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை, தேர்ந்தெடுத்தால் மதிப்பெண் குறையும் என்று நண்பர் சொன்னார். குறையட்டும். உங்களிடம் நான் கேட்பது அதைத்தான். மதிப்பெண் குறைந்தால் அடுத்த மாதம் ஏற்றிக்கொள்ளலாம். குறை எங்கே, எந்த நேரத்தில் வருகிறது என்று வண்டிக்காரர் சொல்கிறாரோ அங்கே, அந்த நேரத்தில் போய் நில்லுங்கள். அவர் சொல்வது கிறுக்குத்தனமாகப் பட்டால் சிரிக்கும் முன் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் திறக்கிறது என்று அந்த மனிதர் விடையையே கொண்டுவந்து கையில் கொடுத்தார். படித்த நான் அதைக் கார்டில் ஏற்றவில்லை.

மேனேஜர் மறுத்த அந்த வாரமே, லெட்டர் பேட் கிடைக்காததால் வெள்ளைத் தாளில் நானே ஒரு கடிதம் எழுதினேன். ஸ்டார், இரைச்சல், கரண்ட், எல்லாம். 'தாசையன் அவர்கள்மேல் எந்தத் தவறும் இல்லை. தவறு என்னுடையது.' அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், தாசையன் குடியேறியிருந்த குழித்துறைக்கு பஸ் ஏறினேன். ஆற்றுப் பாலத்துக்கு இப்புறம் ஒரு சந்தில், மைத்துனர் வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில் இருந்தார்கள். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். ஒர்க்‌ஷாப் என்று சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார். தாளை வாங்கி, உதடு அசைய, மெதுவாக வாசித்தார். மறுபடியும் மேலேயிருந்து வாசித்தார்.

"போன வருசத்துப் பேப்பரயும் நான்தான் வாசிச்சேன் தம்பி. எட்டாங்கிளாஸ் வர படிச்சிருக்கேன். இதே கையெழுத்து. நல்ல கையெழுத்து."

தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவரு பைபிள்ள கைய வச்சு, தொடல்லன்னு சொன்னாரு. நான் பேப்பரல்லா நம்பினேன்."

"இப்பம் அண்ணாச்சி…?"

"பொங்கலு கழியும் வர தொடல்ல. ஒரு எடத்துலயும் வண்டி குடுக்க மாட்டேன்னுட்டாவ. டாக்டர் சொல்லுதாவ, பேப்பர் சொல்லுது, வீட்டுக்காரியும் சொல்லுதா. பொறவு ஒரு நாளு குடிச்சிட்டு வந்து நடையில இருந்தாரு. 'நீங்க எல்லாரும் சொன்னதச் செஞ்சாச்சு, இப்பம் சமாதானமா'ன்னு கேட்டாரு." கத்தியை எடுத்தார், உரிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். "அதுலேருந்து விட்டபாடில்ல."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆருட்டி அங்க?"

தாசையன் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை இல்லை. என்னை அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "ஜாப் கார்டு மக்காதானா? என்னா, வண்டி திறந்துதா?"

ஸ்டார் கதையைச் சொன்னேன். கோபப்படுவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார். கேட்கக் கேட்க அந்தக் கலங்கிய கண்ணுக்குள் பழைய டிரைவர் எழுந்து வந்தார்.

"அப்பம் கரண்டு போனப்ப ஸ்டாரும் அணைஞ்சிருக்கும். அதுனால திறந்துது. இல்லியா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஆஸ்பத்திரில ஸ்டார மொட்ட மாடியிலல்லா கெட்டியிருந்தாவ. காருக்குத் தூரம். அதுனால அங்க கொழப்பமில்ல."

"ஆமா."

"காலத்த ஸ்டார் எரியாது. அதான் சர்ச்சுக்குப் போவும்ப ஒண்ணும் இல்ல." ஒவ்வொன்றாக விரலை மடக்கினார். எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது. மனைவியின் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நான் சொன்னேம்லா?"

மனைவி கிழங்குச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வாசித்த தாள் அவருடைய இன்னொரு கையில் இருந்தது.

தாசையன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். சாராய வாடை முகத்தில் அடித்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை.

"நான் சொன்னேம்லா மக்கா?"

"சொன்னீங்க அண்ணாச்சி."

"உனக்கிட்டதானே சொன்னேன்?"

"எங்கிட்டதான் சொன்னீங்க."

தோளை விடவில்லை. கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி, உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"கேட்டியா? சொல்லியிருக்கேன். இவன்ட்ட கேளு. நான் சொல்லியிருக்கேன்."

உள்ளே கிழங்குச் சட்டியை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது. அவர் பாலம் வரை என்கூட வந்து, பஸ் வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு நின்றார்.